இரண்டு சில்லில் ஒரு தேர்

மோட்டார் சைக்கிள் எதற்கு என்று நம்மவரைக் கேட்டால் விடை உடனே வரும். வேலைக்குப் போவதற்கு, பிள்ளையைப் பாடசாலை வாசலில் இறக்கிவிடுவதற்கு, சந்தையிலிருந்து மரக்கறிப் பையைக் கொண்டுவருவதற்கு, மழை பிடிக்குமுன் வீடு திரும்புவதற்கு. 100 அல்லது 150 கன சென்ரிமீற்றர் எஞ்சின் இவ்வளவுக்கும் தாராளமாகப் போதும். வண்டி நின்றுவிட்டால் பதினைந்து வயதுப் பையன்கூட அதைத் தள்ளிக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்குப் போய்விடுவான்.

உலகில் வேறொரு சாதி மோட்டார் சைக்கிளும் உண்டு. அது சந்தைக்குப் போவதற்கன்று. ஓரிடத்தை அடைவதற்குங்கூட அன்று எனலாம். நாள் முழுவதும் போய்க்கொண்டிருப்பதற்கென்றே அது பிறந்தது. முன்னே கண்ணாடித்திரையும் காற்றுக்கவசமும், இருபுறமும் பெட்டிகள், பின்னே சாய்மனை போன்ற ஓர் ஆசனம், அதற்கும் பின்னே இன்னொரு பெட்டி, வானொலி, கைபிடிக்குச் சூடு, ஆசனத்திற்குச் சூடு என ஒரு சிறு வீட்டின் வசதிகளை இரண்டு சில்லின்மேல் ஏற்றிய வண்டி அது. நம் இளைஞர்கள் கைத்தொலைபேசியில் இதன் படத்தைப் பார்த்துப் பெருமூச்செறிகின்றனர். பெற்றோரோ, அதன் வேகத்தை எண்ணி நெஞ்சிற் கைவைக்கின்றனர். இருவரும் பார்ப்பது வேகத்தையே. ஆனால், இவ்வண்டியின் சுகமும் துன்பமும் அதன் வேகத்தில் இல்லை, எடையிலேதான் இருக்கின்றன. அதனை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

உதாரணத்திற்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வதே நன்று. ஹொண்டா கம்பனியார் செய்யும் கோல்ட் விங் இக்குலத்தில் மிகப் பெயர்பெற்றது. 1974ஆம் ஆண்டு ஜேர்மனியின் கொலோன் நகரக் கண்காட்சியில் அது முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது. பிறந்தது யப்பானிய மூளையில், அறிமுகமானது ஜேர்மனியில், ஆனால், அது யாருக்காகப் பிறந்ததோ அவர்கள் இருந்தது அமெரிக்காவில். அந்நாட்டில் 1956ஆம் ஆண்டின் சட்டமொன்று 41,000 மைல் நீளமான மாநிலங்களுக்கிடையிலான பெருந்தெருக்களுக்கு வழிவகுத்தது. அகன்ற தெரு, குறுக்குச் சந்தி கிடையாது, ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போகலாம். தெரு அவ்வாறு அமைந்தபின் அதற்கேற்ற வண்டியும் வரத்தானே வேண்டும்? அங்கே முன்னரே ஹார்லி டேவிட்சன் கம்பனியார் இருந்தனர். அவர்களுடைய எலெக்ட்ரா கிளைட் என்னும் பெருவண்டி 1965ஆம் ஆண்டு வந்தது. பெயரிலுள்ள 'எலெக்ட்ரா' மின்பொத்தானைக் குறிப்பது. அதுவரை 1,200 கன சென்ரிமீற்றர் எஞ்சினை உதைத்துத்தான் கிளப்பவேண்டியிருந்தது. எஞ்சின் சில வேளை திருப்பி உதைப்பதும் உண்டு.

கோல்ட் விங்கின் முதல் எஞ்சின் 999 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டாக, தரைக்குச் சமாந்தரமாகப் படுத்துக்கிடந்தன. எதிரெதிரே படுத்திருக்கும் பிஸ்ரன்கள் ஒன்றன் அதிர்ச்சியை மற்றொன்று அடக்கிவிடும். எஞ்சினின் கனமும் தரைக்கு அண்மையில் தங்கும். காற்றுக்குப் பதிலாக நீர் அதனைக் குளிர்வித்தது. பெற்றோல் தாங்கி ஓட்டுபவரின் முழங்கால்களுக்கிடையே இருப்பதுதான் வழக்கம். இதில் அது ஆசனத்தின் கீழே போயிற்று. மேலே தாங்கிபோலத் தெரிந்தது வெறும் மூடி! பின்சில்லைச் சுழற்றச் சங்கிலி இல்லை. உறைக்குள் ஒரு சுழல்தண்டு. சங்கிலியென்றால் அடிக்கடி எண்ணெய் போடவேண்டும், இறுக்கவேண்டும். அது தெறிக்கும் எண்ணெய் பின்னால் இருப்பவரின் உடையைக் கெடுக்கும். மனைவியை ஏற்றிக்கொண்டு மூன்று மாநிலங்களைக் கடக்க நினைப்பவருக்கு இது சிறிய காரியமன்று.

வியப்பு என்னவெனில், அந்த முதல் வண்டியில் காற்றுக்கவசமும் இல்லை, பெட்டிகளும் இல்லை. வாங்கிய அமெரிக்கர்கள் தாமாகவே அவற்றைப் பூட்டிக்கொண்டனர். கிரெய்க் வெட்டர் என்னும் வடிவமைப்பாளர் செய்து விற்ற 'வின்ட்ஜாமர்' கவசத்தை மாட்டாத கோல்ட் விங்கைக் காண்பது அரிது என்னும்படி ஆயிற்று. மக்கள் கேட்பது யாதென்பதைத் தெருவிலிருந்தே அறிந்த கம்பனியார் 1980ஆம் ஆண்டில் எல்லாவற்றையும் தாமே பூட்டி, 1,100 வகுப்பு எஞ்சினோடு விற்கத் தொடங்கினர். அதே காலத்தில் வண்டியைச் செய்யும் வேலையும் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்திலுள்ள மெரிஸ்வில்லுக்குப் போய், 2009ஆம் ஆண்டுவரை அங்கேயே நடந்தது. பின்னரே அது யப்பானுக்குத் திரும்பிற்று. எஞ்சினும் ஓயாது வளர்ந்தது. 1988இல் ஆறு சிலிண்டரும் 1,520 கன சென்ரிமீற்றரும், 2001இல் 1,832. இன்று நம் தெருவிலோடும் பல சிறு கார்களின் எஞ்சின்கள் இதிற் பாதிதான்.

இனிச் சுகத்தைச் சொல்வோம். மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போனவரை வருத்துவது எது? பலரும் முதுகுவலி என்பர். முதற் பகைவன் காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பது மாணவர் அறிந்ததே. மணிக்கு 100 கிலோமீற்றரிற் போகையில் நெஞ்சை ஒருவன் ஓயாமல் இரு கையாலும் தள்ளிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். அதைத் தாங்கத் தோளும் கழுத்தும் கையும் இறுகும். இரண்டு மணி நேரத்தில் உடல் சோரும். காற்றுக்கவசம் இந்தக் கையை நெஞ்சிலிருந்து எடுத்துவிடுகிறது. அடுத்தது அதிர்ச்சி, அதைப் படுத்த எஞ்சின் பார்த்துக்கொள்கிறது. மூன்றாவது, தெருவின் சிறு குழிகளும் அருகே விரைந்து செல்லும் லொறிகள் கிளப்பும் சுழற்காற்றும். இங்கேதான் எடை தன் பெருமையைக் காட்டுகிறது. சிறு தோணியை ஆட்டும் அலை பாய்க்கப்பலை ஆட்டுவதில்லை. 380 கிலோகிராம் அளவான வண்டி, ஓடத் தொடங்கியபின், தண்டவாளத்தில் வைத்ததுபோற் போகும். கைபிடியை இறுகப் பற்றவேண்டியதில்லை.

இதன் பயனாக, 24 மணித்தியாலத்தில் 1,000 மைல் ஓடி முடிப்பதை ஒரு விளையாட்டாகக் கொண்டவர்கள் அமெரிக்காவில் உளர். அத்தகையோருக்குச் சான்றிதழ் வழங்கும் சங்கத்தின் பெயர் 'அயன் பட்'. அவ்வளவு நேரம் ஆசனத்தில் இருப்பவருக்கு உடம்பின் எப்பகுதி இரும்பாயிருக்கவேண்டுமோ அதன் பெயர் அது. குடும்பப் பக்கத்தில் இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

காரிலும் இதே சுகம் உண்டே, பின் எதற்கு இந்த வண்டி என்று கேட்பது நியாயம். காரில் இருப்பவர் நாட்டைக் கண்ணாடிக்கு அப்பால் காண்கிறார். இதில் இருப்பவரோ நாட்டுக்குள்ளேயே இருக்கிறார். வெட்டிய புல்லின் மணம், ஆற்றுப் பாலத்தை அணுகும்போது திடீரெனத் தணியும் காற்று, மலையடியில் ஒரு குளிர், வளைவில் உடல் தானாகச் சாயும் இன்பம் ஆகிய இவை காரில் கிடையா. சாதாரண மோட்டார் சைக்கிளில் இவையெல்லாம் கிடைக்கும். ஆனால், ஐந்து மணி நேரத்தின்பின் அவற்றை அனுபவிக்க உடல் மிஞ்சியிராது. பெருவண்டி செய்யும் சேவை அந்த ஐந்து மணியைப் பத்தாக்கித் தருவதே.

ஆனால் தெரு ஒருநாள் முடியுமல்லவா? பெற்றோல் அடிக்க நிற்கவேண்டும்; சாப்பாட்டுக் கடையின் முன் திருப்பவேண்டும்; சரளைக்கல் போட்ட முற்றத்தில் நிறுத்தவேண்டும். நம் ஊர்த் தேரை எண்ணிப் பாருங்கள். நேர்வீதியில் ஓடும்போது அதன் அழகே அழகு. இருப்பிடத்திலிருந்து கிளப்புவதற்கும், மூலையில் திருப்புவதற்கும், மறுபடி இருப்புக்குக் கொண்டுவருவதற்கும் எத்தனை தோள்கள், எத்தனை முட்டுக்கட்டைகள்! தேருக்கு ஊரே துணை. இவ்வண்டிக்கோ ஓட்டுபவரின் இரண்டு கால்களே துணை.

ஓடும் மோட்டார் சைக்கிள் தானாகவே நிமிர்ந்து நிற்க முயலும். வேகம் மனிதனின் நடையளவுக்குக் குறைந்ததும் அந்த உதவி நின்றுவிடும். அப்பொழுது வண்டியை நிமிர்த்தி வைப்பது ஓட்டுபவரின் பொறுப்பாகிறது. 380 கிலோ என்பது சீமெந்து மூடையிற் சொன்னால் ஏழரை மூடை. பழைய கணக்கில் ஏழரை அந்தர். கணவனும் மனைவியும் பயணப் பொதியும் சேர்ந்தால் ஏறக்குறைய 550 கிலோ, பதினோரு மூடை. நேரே நிற்கும்போது இந்தப் பாரம் காலுக்குத் தெரியாது. ஒரு விரலால் தாங்கலாம்போல் இருக்கும். இரண்டு பாகை சாய்ந்தால் ஒரு கால் தாங்கும். இன்னும் சில பாகை சாய்ந்துவிட்டாலோ பயில்வானாலும் தாங்க முடியாது. அந்த எல்லை எங்கே இருக்கிறதென்று வண்டி முன்கூட்டி அறிவிப்பதில்லை.

பெரும்பாலான வீழ்ச்சிகள் நிகழும் முறை ஒன்றே. நிறுத்துமிடத்தில் மெல்லத் திரும்புகிறார். முன்சில்லு ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது. எதிரே யாரோ வந்ததும் திடுக்கிட்டு முன் பிறேக்கை அழுத்துகிறார். திரும்பிய சில்லு நின்றதும் பாரம் முழுவதும் அந்தப் பக்கம் சரிகிறது. அல்லது கால் ஊன்றும் இடத்தில் சிறிது மணலோ சிந்திய எண்ணெயோ இருக்கிறது. சேதம் பெரிதன்று, கோல்ட் விங்கின் எஞ்சினுக்கு முன்னும் பெட்டிகளுக்கு அருகிலும் காப்புக் கம்பிகள் இருப்பதால் அது முற்றாகத் தரையில் விழாமல் சரிந்து கிடக்கும். மனிதரின் மானந்தான் தரையில் விழுகிறது. தூக்குவதற்கும் ஒரு முறையுண்டு. வண்டியைப் பார்த்துக்கொண்டு குனிந்து தூக்கினால் முதுகு போய்விடும். வண்டிக்கு முதுகைக் காட்டி, ஆசன விளிம்பில் இடுப்பைப் பொருத்தி, ஒரு கையாற் கைபிடியையும் மறுகையாற் பின்கம்பியையும் பற்றி, கால்களால் உந்திப் பின்னோக்கி அடியடியாக நடந்து நிமிர்த்தவேண்டும். அப்படிச் செய்யும்போது மறுபக்கத்தில் வண்டியின் நிறுத்துகாலை முன்னரே விரித்துவிட மறந்தவர், நிமிர்த்திய வண்டியை அந்தப் பக்கமும் விழுத்துவார்.

இதற்குப் பரிகாரம் பயிற்சியே. அமெரிக்கப் பொலிசார் இத்தகைய கனத்த வண்டிகளைக் குறுகிய வட்டத்துக்குள் நடைவேகத்திற் சுழற்றுவதைக் காண்பது ஒரு வித்தை. கிளச்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்து, முன் பிறேக்கைத் தொடாது பின் பிறேக்கை மட்டும் மெல்ல அழுத்தி, பார்வையைத் தரையிற் பதிக்காமல் போகவேண்டிய திசையில் நிறுத்தி ஓட்டுவார்கள். பார்த்த இடத்துக்கே வண்டி போகும். தரையைப் பார்த்தால் தரைக்குப் போகும். வண்டியை வாங்குவோரிற் பலர் அதன் விலையில் நூறில் ஒரு பங்கைக்கூட இப்பயிற்சிக்குச் செலவிட மனம் கொள்ளாதது புதுமைதான்.

கம்பனியாரும் சும்மா இருக்கவில்லை. 1988ஆம் ஆண்டு வண்டியில் பின்னோக்கிச் செல்லும் வசதி வந்தது; எஞ்சினைக் கிளப்பும் மின்மோட்டாரே வண்டியை மெல்லப் பின்னே இழுக்கும். மோட்டார் சைக்கிளுக்குப் பின்கியரா என்று அப்பொழுது சிரித்தவர்கள் உண்டு. சரிவான இடத்தில் முன்சில்லைத் தாழ்வுப் பக்கமாக விட்டு நிறுத்தியவர் எவரும் சிரிக்கமாட்டார். அந்நிலையில் ஏழரை மூடையைக் காலால் உந்தி மேட்டில் ஏற்றுவது எளிதன்று.

மற்றக் குறைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். பெட்டிகளோடு கூடிய புதிய கோல்ட் விங் அமெரிக்காவில் 25,000 டொலருக்கு மேல். அவ்விலைக்கு அங்கே ஒரு நல்ல குடும்பக் கார் வாங்கலாம். பெற்றோல் லீற்றருக்கு 18 கிலோமீற்றர் அளவில் ஓடும்; நாலு பேரை ஏற்றும் சிறு காரும் அவ்வளவு ஓடும். டயர்கள் கார் டயரைவிட வெகுவிரைவில் தேய்வன. மேலதிகச் சில்லு கொண்டுசெல்ல இடமில்லை. காற்றுப் போனால் தள்ளிக்கொண்டு போவது நடவாத காரியம். டயர்ச் செலவைத் தாங்காத சிலர் பின்சில்லில் கார் டயரையே பூட்டிக்கொள்கின்றனர். செய்தவர்கள் இதை மெச்சாவிட்டாலும், அப்படியொரு கூட்டம் அங்கே இருக்கிறது. நெரிசலில் ஊர்ந்தால் எஞ்சினின் வெப்பம் காலைச் சுடும். 21 லீற்றர் கொள்ளும் தாங்கியை நிரப்பினால் ஏறத்தாழ 375 கிலோமீற்றர் ஓடலாம். நம் தீவின் நெடுநீளமே 432 கிலோமீற்றர்தான். பருத்தித்துறையிற் புறப்பட்டவர் ஒரே ஒருமுறை பெற்றோல் அடித்துத் தெய்வேந்திர முனையை அடைந்து, இனிப் போக இடமின்றிக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

உயிராபத்தை மட்டும் விரைந்து கடக்க முடியாது. அமெரிக்க அரசின் கணக்குப்படி, ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் மோட்டார் சைக்கிளில் இறப்போரின் விகிதம் காரில் இருப்போரின் விகிதத்தைப்போல் 20 மடங்குக்கும் மேல். பெருவண்டியில் அமர்ந்தால் மாளிகையில் அமர்ந்ததுபோன்ற உணர்வு வரும். சுவர் இல்லாத மாளிகை அது. 2006ஆம் ஆண்டு கோல்ட் விங்கில் காற்றுப்பை வைத்து விற்றனர். உற்பத்தி மோட்டார் சைக்கிளொன்றில் அது வந்தது உலகிலேயே அதுதான் முதல் முறை. அதுவும் நேரே மோதுவதற்கே உதவும். பக்கத்திலிருந்து வரும் காருக்கு அது மருந்தாகாது.

இவ்வளவு பெரிய வண்டி இல்லாமல் நெடும்பயணம் இயலாதா? இயலும் என்பதற்குச் சான்று உண்டு. டெட் சைமன் என்னும் எழுத்தாளர் 1973ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து 500 கன சென்ரிமீற்றர் டிரையம்ப் ஒன்றில் புறப்பட்டு, நான்கு ஆண்டுகள் உலகைச் சுற்றி 1977இல் வீடு திரும்பினார். ஆனால் மறுபக்கமும் உண்டு. ஆர்ஜென்ரீனா நாட்டவரான எமிலியோ ஸ்கொட்டோ 1985ஆம் ஆண்டு ஜனவரியில் 1,100 வகுப்புக் கோல்ட் விங் ஒன்றில் புவனஸ் அயர்ஸ் நகரிலிருந்து கிளம்பினார். 'கறுப்பு இளவரசி' என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். பத்து ஆண்டுகளில், 1995க்குள், 735,000 கிலோமீற்றர் ஓடி முடித்தார். அமெரிக்கப் பெருந்தெருவுக்கென்று செய்த வண்டியைத் தெருவே இல்லாத நாடுகளுக்கும் கொண்டுபோனார். இயலாதென்று எவரும் அவரிடம் சொல்லவில்லை போலும்! எமது கருத்தைக் கேட்டால், உலகைப் பார்க்க விரும்பும் இளைஞனுக்குச் சைமனின் வழியே ஏற்றது. விழுந்தால் தானே தூக்கக்கூடிய வண்டியும், கெட்டால் தானே பிரிக்கக்கூடிய எஞ்சினும் அவனுக்குப் போதும்.

இளைஞன் எப்படியும் இதை வாங்கப்போவதில்லை. 2018ஆம் ஆண்டுக் கணக்கொன்றின்படி, அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்போரின் நடுவயது 50. பெருவண்டிக்காரரின் கூட்டத்துள் நரைத்த தலைகளே மிகுதி. பிள்ளைகள் படித்து வெளியேறி, வீட்டுக்கடன் தீர்ந்து, கையிற் சிறிது பணம் மிஞ்சும்போதுதான் இது வாங்கத்தக்க பொருளாகிறது. வாங்கும் வலு வரும்போது தாங்கும் வலு போய்க்கொண்டிருக்கிறது. முழங்காலில் வலி தொடங்கிய மனிதர், நின்ற இடத்தில் முழங்காலையே நம்பி நிற்கும் வண்டியை வாங்குகிறார். சிலர் பின்சில்லை எடுத்துவிட்டு இரண்டு சில்லுகளைப் பூட்டி முச்சக்கர வண்டியாக்கிக்கொள்கின்றனர். ஹார்லி கம்பனியார் 2008ஆம் ஆண்டிலிருந்து அப்படியே செய்தும் விற்கின்றனர். அது விழாது, ஆனால் வளைவிற் சாயவும் சாயாது. எந்த இன்பத்துக்காக வாங்கினாரோ அதிற் பாதி போய்விடும். மீதிப் பாதி, பின்னாசனத்தில் இருப்பவரோடு சேர்ந்து போவது.

அந்தப் பின்னாசனத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மற்ற மோட்டார் சைக்கிள்களிற் பின்னால் இருப்பவர் பயணப்பொதியைப்போல் ஏற்றப்படுகிறார். இதில் அவருக்கு அகன்ற இருக்கை, முதுகுக்குச் சாய்வு, பக்கத்தில் கைதாங்கி. அவருக்கு ஓட்டும் கவலை இல்லாதபடியால் நாட்டை நன்றாகப் பார்ப்பவர் அவரே. தலைக்கவசத்தினுள் பேச்சுக்கருவி இருப்பதால் இருவரும் பேசிக்கொண்டே போகலாம். வண்டியை வாங்குவதா இல்லையா என்பதைப் பல வீடுகளில் முடிவுசெய்வது அந்த ஆசனத்தில் ஒருமுறை அமர்ந்து பார்த்தவரே என்பது எமது ஊகம்.

2018ஆம் ஆண்டில் கம்பனியார் கோல்ட் விங்கை முற்றாகத் திருத்தி எடையைக் குறைத்தனர். முன்னோக்கியும் பின்னோக்கியும் நடையினும் மெதுவாகத் தானே ஊரும் வசதியையும், தானாகக் கியர் மாற்றும் வண்டியில் வைத்தனர். இளம் வாங்குநரைக் கவர்வதே நோக்கம் என்றனர். எடையோடு பெட்டிகளும் சிறுத்தன. எல்லாம் சேர்த்து 150 லீற்றர் அளவாக இருந்த இடம் 110 லீற்றராயிற்று. பழைய வாடிக்கையாளர் முணுமுணுத்தனர். இரண்டு தலைக்கவசங்களைப் பின்பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதே பெரும்பாடு என்றனர். 2021ஆம் ஆண்டில் கம்பனியார் எஞ்சினைத் தொடவில்லை. பின்பெட்டியை 50 லீற்றரிலிருந்து 61 லீற்றராகப் பெருப்பித்தனர். பின்னாசனத்தின் சாய்வை 17 பாகையிலிருந்து 24.5 பாகையாகத் தளர்த்தினர்.